கடைசி இடத்திலிருந்து பன்னிரண்டு சிப்பி

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும். கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் வீட்டில், என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் அப்பா. அதில் எழுதியிருப்பது அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தூசி படிந்தால் துடைப்பது அவர்தான்.

போக்கர் என்ற சீட்டாட்டத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் நான்தான். நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்தபோது, அறையில் உடனிருந்த சென்னைப் பெண் ஒருத்தி அதைக் கைபேசியில் ஆடுவாள். கணிதம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அவள் ஆட்டத்தைவிட அதற்குள் இருந்த நிகழ்தகவு பிடித்துப்போயிற்று. இரண்டே மாதத்தில் அவளைவிட நன்றாக ஆடினேன். காசு வைத்து ஒருபோதும் ஆடியதில்லை. வீட்டில் நாங்கள் சிப்பி ஓடு வைத்து ஆடினோம்.

எங்கள் கடற்கரைப் பாறைகளில் சிப்பி எடுப்பார்கள். கறி வைத்த பிறகு ஓடுகளைக் கழுவிக் காயவைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அழகாக அடங்கும். ஆளுக்கு நாற்பது. நடுவில் தள்ளும்போது கலகலவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அப்பா தோற்பார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அது ஊர்க்கட்டுப்பாடு. காலையில் பூசை, மதியம் இறைச்சிக் கறி, அதற்குப் பிறகு ஆண்கள் கரையில் வலை கிடக்கும் நிழலில் உட்கார்ந்து இருபத்தெட்டு ஆடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் முன்னறைத் தரையில் நாங்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன், நான். நான் போக்கரைக் கொண்டுவரும்வரை நாங்களும் இருபத்தெட்டுதான் ஆடினோம்.

இருபத்தெட்டு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் ராஜாவும் ராணியும் ஒன்றுக்கும் ஆகாதவர்கள். ஜாக்கிதான் பெரியவன். அவனுக்கு அடுத்தது ஒன்பது. ஏஸ்கூட அவர்களுக்குக் கீழேதான். இரண்டு முதல் ஆறு வரை உள்ள சீட்டுகள் டப்பாவிலேயே கிடக்கும். பிறந்ததிலிருந்து அப்படி ஆடிய கைகளுக்கு ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அதை எந்தப் புத்தகத்தாலும் எடுக்க முடியாது.

நான் முதல் நாள் டப்பாவிலிருந்து எல்லாச் சீட்டையும் எடுத்துக் கலைத்தபோது அப்பா கேட்டார்: "இந்த ரெண்டுக்கும் மூணுக்கும் எல்லாம் இப்ப வாழ்வு வந்தாச்சா?"

"வந்தாச்சு அப்பா. இதுல ஏஸ்தான் பெருசு. ஜாக்கி நாலாவது ஆளு."

"ஜாக்கி நாலாவதா?" அண்ணன் சீட்டைக் கீழே வைத்துவிட்டான். "ஏட்டி, இது யாரு எழுதின சட்டம்?"

"உனக்குத் தெரிஞ்ச ஆளு இல்ல."

"அதுதான் பாத்தேன். நம்ம ஆளுவ இப்பிடி எழுத மாட்டாங்க."

எங்கள் வீட்டுக்காக ஆட்டத்தை எளிதாக்கினேன். எல்லோரும் நடுவில் ஒரு சிப்பி போட வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காமல். ஆட விரும்புகிறவர் இரண்டு சிப்பி வைத்து உள்ளே வரலாம், அல்லது சீட்டை எறிந்துவிடலாம், அல்லது கூட்டலாம். கூட்டினால் மற்றவர்களும் அந்த அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் எறிய வேண்டும். பிறகு நடுவில் ஐந்து சீட்டு விரியும், எல்லோருக்கும் பொதுவாக: முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. ஒவ்வொரு முறையும் மறுபடி சிப்பி வைக்கலாம், வேண்டாமென்றால் தரையைத் தட்டி நகரலாம். அவற்றோடு கைச்சீட்டைச் சேர்த்து யார் கை பெரிதோ அவருக்குச் சிப்பி. சீட்டுப் போடுகிறவர் கடைசியாகப் பேசுவார்; எங்கள் வீட்டில் சீட்டுப் போடுவது எப்போதும் நான்தான். அந்தக் கடைசி இடத்தில்தான் ஆட்டத்தின் முழு ரகசியமும் இருக்கிறது என்று நான் படித்திருந்தேன்.

ஏனென்றால் கடைசியில் இருப்பவளுக்கு மற்றவர்கள் சொன்னது எல்லாம் கேட்டிருக்கும். எறியவும் மனசில்லாமல், கூட்டவும் துணியாமல், வெறும் இரண்டு சிப்பி வைத்து உள்ளே வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கையில் பெரும்பாலும் நடுத்தரமான ஏதோ இருக்கும். மலிவாக ஐந்து சீட்டையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. அந்த ஆசைக்குக் கடைசி இடத்திலிருந்து விலை ஏற்ற வேண்டும். இரண்டு வைத்து மூன்று பேர் வந்திருந்தால் நான் பன்னிரண்டு வைப்பேன். பெரும்பாலும் மூவரும் எறிந்துவிடுவார்கள். சீட்டைத் திறக்காமலே சிப்பி எனக்கு. ஒருவர் மட்டும் கூடவே வந்தாலும், ஒவ்வொரு முறையும் அவர் முதலில் பேசுவார், நான் கேட்டுவிட்டுப் பேசுவேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேருமே நொண்டிக்கொண்டு வருகிறவர்கள்.

அப்பா உள்ளே வரும்போது, "சும்மா எட்டிப் பாப்போம்" என்பார். அம்மா, "பாத்திட்டுப் போவோம்" என்பார். அண்ணன் எப்போதும் ஒரே சொல்தான்: "நானும் உண்டு."

நான் பன்னிரண்டு தள்ளுவேன்.

"வந்துட்டாடா கலெக்டரு," என்று அப்பா எறிவார்.

அம்மாவும் எறிவார். அண்ணன் தன் சீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரித்து, "எனக்கு வேண்டாம் மக்கா. நீ எடுத்துக்கோ" என்பான்.

அம்மாவிடம் மட்டும் ஒருமுறை வசமாக மாட்டினேன். அம்மா அப்போது தக்கலைச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். "பாத்திட்டுப் போவோம்" என்று வழக்கம்போல இரண்டு சிப்பி வைத்தார். நான் பன்னிரண்டு வைத்தேன். அம்மா நிதானமாகத் தன் சிப்பி முழுவதையும் நடுவில் கவிழ்த்தார். கையில் இரண்டு ஏஸ்.

"இவ்வளவு நல்ல சீட்ட வச்சிட்டு ஏம்மா முதல்லயே கூட்டல?"

"நல்ல மீன எடுத்த உடனே காட்டுவாங்களா? அடியில கெடக்கட்டும். வாங்குதவன் கண்ணு அலையட்டும்."

அப்பா உருண்டு உருண்டு சிரித்தார். அண்ணன் என் முதுகில் ஒன்று வைத்தான். "எம்.எஸ்சி. தோத்துப் போச்சு, கேட்டியா! மீன்கூடை ஜெயிச்சாச்சு!"

ஆனால் அது ஒரு முறைதான். மற்ற நாட்களில் நான்தான் ஜெயித்தேன், அதில் எனக்குப் பெருமை இருந்தது. அவர்கள் மூவரையும் நான் வாசித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் முகம் பளிச்சென்று மாறி "நானும் உண்டு" வந்தால் அவன் கையில் ஜாக்கியோ ஒன்பதோ இருக்கிறது. போக்கரில் அது சுமாரான கை. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"ஜாக்கியும் ஒம்போதும் கையில வந்தா எப்பிடி மக்கா எறிய? கை கேக்காண்டாமா?" என்பான்.

"அப்ப நான் கூட்டும்போது மட்டும் எறியுத?"

"நீ கூட்டினா நெனச்சுத்தான் கூட்டுவ. படிச்ச பிள்ளைல்லா."

இதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் விஷயம். அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்குத் தோள்பட்டை பிசகியது. படகுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் அவனைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸ் கூர்மையாக இருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்த்தான். பிறகு மூடி என் பைக்குள் வைத்தான். "எனக்கு வேண்டாம். நீ எடுத்துக்கோ." அவன் பிற்பாடு கடலை விரும்பிய விதத்தைப் பார்த்து, அவன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றே நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

*

நான் முதுகலை முடிக்கும் ஆண்டுக்கு முந்தின ஆண்டு அந்தப் புயல் வந்தது. அப்பாவும் அண்ணனும் கடலில் இருந்தார்கள். இரண்டு பகல் கழித்துத்தான் கரையேறினார்கள். அந்த இரண்டு நாளும் நான் கோயில் முற்றத்தில் நின்ற நிலையை எழுதப் போவதில்லை. எழுதினால் இது வேறு கதையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு கடலைப் பார்த்தால் எனக்கு அழகு தெரிவது நின்றுபோயிற்று.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி வேறு தொழில் பழக மாட்டார்; அவரைக் கரையில் நிறுத்த முடியாது. அண்ணனை நிறுத்தலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தவள் நான். அதற்குள் எனக்குத் தக்கலையில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு காகிதம் வந்தால் என் கைக்குத்தான் வரும். இனயத்தில் இருக்கும் அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் கத்தாரில் மீன் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். படகு வேலை இல்லை. குளிர்அறையில் மீன் பெட்டி அடுக்கும் வேலை. நாலு சுவர், ஒரு கூரை, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை. எனக்கு வேண்டியது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டு கலைத்துக்கொண்டே, நான் எடுத்துச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களை அடுக்கினேன். வகுப்பில் தேற்றம் நிறுவுவதுபோல.

அப்பா, "அவனுக்கு எப்பிடித் தோணுதோ" என்றார்.

அம்மா, "போனாலும் நல்லதுதான், நின்னாலும் நல்லதுதான்" என்றார்.

அண்ணன் சீட்டு போடு என்று கைகாட்டினான்.

போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார். அம்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். அண்ணன் தன் இரண்டு சீட்டையும் எடுத்துப் பார்த்து, "நானும் உண்டு" என்றான். என் கையில் ஒரு எட்டும் ஒரு மூன்றும், வேறு வேறு ஜாதி. குப்பை. ஆனால் கடைசி இடம். பழக்கத்தில் பன்னிரண்டு தள்ளினேன்.

அப்பாவும் அம்மாவும் எறிந்தார்கள். அண்ணன் எறியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டே வாசல் வழியாக வெளியே பார்த்தான். வெயிலில் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. இவ்வளவு நேரம் அவன் எடுத்துக்கொண்டதே இல்லை. ஒருமுறை சிப்பியில் கைவைத்தான். எடுத்துவிட்டான்.

"எனக்கு வேண்டாம்," என்றான். "நீ எடுத்துக்கோ."

அம்மா அவன் சீட்டை வாங்கிக் கட்டுக்குள் செருகிவிட்டார். எறிந்த சீட்டைப் பார்க்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மறுநாள் காலையில் அவன் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தான்.

*

அவன் போய் நாலு வருடம் ஆகிறது. இடையில் ஒரு முறை விடுமுறைக்கு வந்தான், நாற்பது நாள். அதில் ஒரு நாள் நான் பள்ளி முடிந்து வந்தபோது, அவன் சட்டைக் காலரில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

"அப்பாக்க கூடப் போனியா?"

"சும்மா. பக்கத்துலதான்."

"நான் எதுக்கு உன்னக் கரைக்கு ஏத்தி விட்டேன்?"

அவன் சிரித்தான். "மணம் பிடிக்கப் போனேன் மக்கா. அங்க மீனுக்கு மணமே கெடையாது. கட்டையப் போல இருக்கும். சாளை எது, அயிலை எதுன்னு பெட்டியில எழுதினத வாசிச்சாத்தான் தெரியும்." பிறகு, "ஒன்பதாங்கிளாஸ் படிச்சது அதுக்காவது உதவுது" என்றான்.

நான் அன்றைக்கு அவனைத் திட்டினேன். துவைக்கும் கல்லில் அந்த உப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இப்போது அந்தச் சட்டையைக் கழுவாமல் வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அங்கே அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் எங்கள் ஆட்டமும் வெள்ளிக்கிழமைக்கு மாறியது. நான் பள்ளி விட்டு, திங்கள்சந்தை வழியாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாலரை மணிக்கு வீட்டில் இருப்பேன். அவனுக்கு அப்போது இரண்டு மணி. கைபேசியைத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்து, அவன் உட்காரும் இடத்தில் வைப்போம். அவனுக்கும் நான் சீட்டுப் போடுவேன். அம்மா அவன் சீட்டு இரண்டையும் எடுத்து, எங்களுக்குத் தெரியாமல் கைபேசிக்குக் காட்டுவார். அவன் சொல்லச் சொல்ல அவன் சிப்பியை அம்மாதான் தள்ளுவார்.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. தன் சீட்டுக்குக் கல்லாக இருக்கும் அம்மாவின் முகம், அவன் சீட்டுக்கு மலர்ந்துவிடும்.

"அம்மா, உங்க மூஞ்சிய மூடுங்க," என்று கைபேசிக்குள்ளிருந்து கத்துவான். "அவ பாக்குதா!"

"நான் எங்க பாத்தேன்?"

"உன்னத் தெரியாதா? நீ மூஞ்சியத்தான் வாசிப்ப!"

ஆட்டத்தின் நடுவே அப்பாவிடம் கேட்பான்: "இன்னைக்கு நீவாடு எப்பிடி அப்பா?" கடலுக்குள் தண்ணீர் ஓடும் ஓட்டத்தை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். அப்பா கையை நீட்டித் திசை காட்டுவார். கைபேசியின் கண்ணாடிக்கு அந்தத் திசை எப்படித் தெரியும்? ஆனாலும் அண்ணன் தலையாட்டுவான். நெட்வொர்க் நின்றுவிட்டால் அவன் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்துபோகும். நாங்கள் மூவரும் சீட்டைப் பிடித்தபடி அந்த முகம் அசையக் காத்திருப்போம். சில நாள் ஐந்து நிமிடம்கூட ஆகும்.

நான் தொடர்ந்து பன்னிரண்டு வைத்தேன். அவன் தொடர்ந்து எறிந்தான். ஜெயித்த சிப்பிகள் என் முன்னால் குவிய, அவன் கைபேசிக்கு முன்னால் தரை வெறுமையாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அது என் கண்ணில் பட்டு உறுத்தியது. அவன் ஒரு கையாவது ஆடட்டும், என்னை எதிர்த்து ஒருமுறையாவது வரட்டும் என்று ஏங்கத் தொடங்கினேன். ஆனால் கூட்டுவதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நல்ல இடத்தில் உட்கார்ந்து பழகிவிட்டவளுக்கு அது வராது.

இந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்த வாரம். அம்மாவும் நானும் பின்வாசலில் சிப்பியை வாய் திறந்து சதை எடுத்துக்கொண்டிருந்தோம். ஏதோ பேச்சில், "உன் அண்ணன் மண்டன்" என்றார் அம்மா. "ரெண்டு ஜாக்கிய வச்சிட்டு எறிஞ்சவனாக்கும் அவன்."

"எப்ப?"

"அன்னைக்கு. நீ கத்தார் காரியம் சொன்ன அன்னைக்கு. நான் சீட்ட வாங்கும்போது பாத்தேன்லா."

என் கத்தி நின்றுவிட்டது. இரண்டு ஜாக்கி. இருபத்தெட்டில் அதைவிடப் பெரிய கை கனவில்தான் வரும். போக்கரிலும் அது எறிகிற கை இல்லை. என் எட்டுக்கும் மூன்றுக்கும் முன்னால் அதை அவன் எறிந்திருக்கிறான்.

"ஏம்மா சொல்லல?"

"எறிஞ்ச சீட்டச் சொல்லக் கூடாதுன்னு நீதான சட்டம் போட்ட," என்று அடுத்த சிப்பியை எடுத்தார் அம்மா.

அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடைசி இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் வாசித்துவிட்டேன் என்று நினைத்தேனே. எல்லோரும் எறிந்ததால்தான் நான் ஜெயித்தேன். எறிந்துவிட்டதால் அவர்கள் கையில் என்ன இருந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரியவில்லை. அன்றைக்கு நான் கையைச் சும்மா வைத்திருந்தால், அவன் சிப்பியில் வைத்த கையை எடுத்திருக்கமாட்டான். ஒருவேளை வாயையும் திறந்திருப்பான்.

*

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒப்பந்தம் முடியப்போகிறது என்று அண்ணன் சொன்னான். நீட்டிப்பதா, திரும்புவதா என்று மறுநாள் கம்பெனியில் சொல்ல வேண்டும்.

அப்பா சிப்பியை அடுக்கிக்கொண்டே, "உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி" என்றார்.

"வந்தாலும் சந்தோஷம், நின்னாலும் சரிதான்," என்றார் அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு எப்பிடின்னாலும் கொள்ளாம்," என்றான் அண்ணன். "நீ சொல்லு மக்கா. நீ சொல்லுதது போலச் செய்யலாம்."

மூன்று பேரும் இரண்டு சிப்பி அளவுக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்து நிற்கிறார்கள். கடைசியாகப் பேச வேண்டியவள் நான். 'வா' என்ற ஒரு சொல் என் வாய்க்குள் இருந்தது. வா அண்ணே, போதும், கரையில் ஏதாவது பார்க்கலாம், தக்கலையில் என் பள்ளிப் பஸ்ஸுக்கு ஆள் தேடுகிறார்கள், நான் கேட்டு வைத்திருக்கிறேன். உண்மையிலேயே கேட்டு வைத்திருந்தேன். காரணங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தயாராக இருந்தன. சொன்னால் வந்துவிடுவான். ஒரே வாரத்தில் அந்த எண்ணெய்ப் பாட்டில் இருக்கும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான்.

"இந்தக் கைய ஆடி முடிப்போம்," என்றேன்.

சீட்டுப் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார். அம்மாவும் வந்தார். பிறகு அண்ணனின் சீட்டுகளை எடுத்தார் அம்மா. கைபேசிக்குத் திருப்பும்போது அவர் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல ஆயிற்று. ஜாக்கியும் ஒன்பதும். வேறெதற்கும் அந்த வெளிச்சம் வராது.

"நானும் உண்டு," என்றான்.

என் கையில் ஏஸும் ராணியும் இருந்தன. கடைசி இடம். எதிரே நொண்டி வந்த மூன்று பேர். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த இடத்தில் ஒன்றுதான் எழுதியிருக்கும். என் விரல்கள் தாமாகவே பன்னிரண்டைப் பிரித்துவிட்டன. திரும்ப அடுக்கி வைத்தேன். இரண்டு சிப்பி மட்டும் தள்ளினேன்.

"ஏட்டி," கைபேசிக்குள் அவன் முன்னால் குனிந்தான். "கூட்டலியா?"

"இல்ல."

"கையில ஒண்ணும் இல்லியா?"

"இருக்கு."

"பிறகென்ன?"

"சும்மா பாத்திட்டுப் போவோம்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நடுவில் மூன்று சீட்டு விரித்தேன். ஏஸ், ஒன்பது, நாலு. எனக்கு ஏஸ் ஜோடி சேர்ந்துவிட்டது. எல்லோரும் தரையைத் தட்டி நகர்ந்தார்கள். நானும் தட்டினேன். நாலாவது சீட்டு ஜாக்கி. அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அம்மா," என்றான் அண்ணன். "பத்து வைங்க."

அவன் முதலில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் எறிந்தார்கள். நான் பத்து வைத்தேன். ஐந்தாவதாக வந்தது வெறும் இரண்டு.

"இன்னும் பத்து."

எனக்குத் தெரியும், நான் தோற்றாயிற்று. ஆனாலும் வைத்தேன். திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே வைத்தேன். அம்மா அவன் சீட்டுகளைத் தரையில் அறைந்தார். ஜாக்கி, ஒன்பது. என் ஒரு ஜோடிக்கு எதிரே அவனுக்கு இரண்டு ஜோடி.

"பாத்தியா! பாத்தியா! நாலாவது ஆளாம்!" அவன் அங்கே துள்ளியதில் கைபேசி கைதவறி, கொஞ்ச நேரம் ஒரு கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. யாரோ இந்தியில் என்ன என்று கேட்டார்கள். "என் தங்கச்சியத் தோக்கடிச்சேன்," என்று அவருக்குத் தமிழிலேயே சொன்னான்.

திரும்ப முகம் தெரிந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது.

"மக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஏசப்பிடாது."

"சொல்லு."

"ஒரு வருஷம் கூட நிக்கேன். குளிர்அறையில இல்ல. துறைமுகத்துல, படகுல இருந்து மீன் இறக்குத எடத்துல ஆள் வேணும்னாங்க. நானே போய் சாரிட்ட கேட்டேன். ஒரு வருஷம் நிக்கதா இருந்தா தாறேன்னு சொன்னாரு." மூச்சு விட்டான். "பிறகு வந்திடுவேன். வந்தா அப்பாக்க கூடக் கடலுக்குத்தான் போவேன். நீ எனக்குக் கரையில வேலை தேடாண்டாம்."

அப்பா ஒரு சிப்பியை எடுத்து இன்னொன்றுக்குள் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அவர் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டது, மகன் தன்னோடு கடலுக்கு வரப்போகிற சந்தோஷத்தை எனக்குக் காட்டாமல் இருக்கத்தான் என்று புரிந்தது. நான் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்த இரண்டையும் அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். இப்போது வரமாட்டான். வந்தால் கடல். எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது. புயல் மட்டுமே போதும்.

"சரி," என்றேன்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான் அண்ணே."

"ஒண்ணும் சொல்லலியா? மேலுக்குச் சுகமில்லியா உனக்கு?"

"இருக்கு, இருக்கு. நீ சீட்டப் பாரு. அடுத்த கை."

அதற்குப் பிறகு நாலு வெள்ளிக்கிழமை போயிருக்கிறது. துறைமுகத்திலிருந்து ஒருமுறை ஒரு படம் அனுப்பினான். அலையே இல்லாத, தட்டுப்போன்ற ஒரு கடல். 'இதுவும் கடலாக்கும்' என்று கீழே எழுதியிருந்தான், இரண்டு எழுத்துப் பிழையோடு. நான் திருத்தவில்லை. அவன் முன்னால் இப்போது சிப்பி கொஞ்சம் கூடியிருக்கிறது, என் முன்னால் குறைந்திருக்கிறது. வேண்டுமென்று தோற்கவில்லை. அப்படிச் செய்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். நல்ல கை வந்தால் கூட்டத்தான் செய்கிறேன். அவன் சில நேரம் எறிகிறான், சில நேரம் எறிவதில்லை.

ஆனால் பள்ளி விட்டு வரும் பஸ்ஸில், வளைவு திரும்பிக் கடல் தெரியும்போது, இன்னும் அந்த வெள்ளிக்கிழமைக்கே போய்விடுகிறேன். அந்தப் பன்னிரண்டைத் தள்ளியிருந்தால் இன்றைக்கு அவன் வீட்டில் இருப்பான். கதவைத் திறந்ததும் செருப்பு கிடக்கும். ஆட்டம் முடிந்து கைபேசியில் அவன் கையாட்டும்போது ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வாய்க்குள் வந்து நிற்கிறது. வா என்று சொன்னால் இன்றைக்கும் அவன் வந்துவிடுவான். உதட்டைக் கடித்துக்கொண்டு நானும் கையாட்டுகிறேன்.